கண்ணீரில் முடித்தால்தான் முதலிடமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. தமிழ் படிப்பிக்கிற ஆட்கள், போட்டிகளுக்கு நடுவராகப் போகிற ஆட்கள், பிள்ளைகளைச் செயலமர்வுகளுக்கு அனுப்புகிற அதிபர்மார் எல்லாரும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவது பெருமைக்கு இல்லை. வன்னியில் தமிழ்ப் பாடம் எடுக்கிற, ஆசிரியப் பயிற்சியில் 'சிறுகதை ஆக்கம்' படித்துவிட்டு வந்த, இப்போது அதையே வகுப்பில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிற சிலர், ஆசிரியர் அறையில் தேத்தண்ணி ஆற ஆறக் கதைத்து வந்து சேர்ந்த முடிவு இது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். வன்னியில் பிள்ளைகளுக்குச் சிறுகதை படிப்பிக்கப்படவில்லை. சிறுகதை மாதிரி இருக்கிற ஒரு சாமானைச் செய்யப் பழக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றில்லை.

செயலமர்வு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வளவாளர் வருவார். பவர்பொயின்ற் போடுவார். திரையில் ஐந்து பெட்டி: அறிமுகம், சிக்கல், வளர்ச்சி, உச்சம், முடிவு. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. "முடிவில் ஒரு திருப்பம் வேணும்" என்பார். "சமூகத்துக்கு ஒரு படிப்பினை வேணும்" என்பார். "நடை நல்ல தமிழில் இருக்கவேணும்" என்பார். பகல் சாப்பாடு. சான்றிதழ். குழுப்படம். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது அதன் கொப்பியில் ஐந்து பெட்டி இருக்கும். கதை இருக்காது.

பிறகு போட்டிக் காலம் வரும். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுகிற தமிழ்மொழித் தினப் போட்டிகள். கொடுக்கிற தலைப்பில், கொடுக்கிற நேரத்துக்குள், ஒரு கதை. எந்தத் தலைப்பு வந்தாலும் வன்னிப் பிள்ளை எழுதுகிற கதை எங்களுக்கு மனப்பாடம். மழை பெய்கிறது. ஒரு தாய் ஓட்டைக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நினைவு பின்னோக்கி ஓடுகிறது. ஷெல் விழுகிறது. கணவன் இல்லை. மகன் படிக்கிறான், வைத்தியர் ஆகிறான், வெள்ளைக் கோட்டோடு வீட்டுக்கு வருகிறான். அன்றைக்குத்தான் தாய் கண்ணை மூடுகிறாள். அவள் கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் உருண்டோடும். முற்றும். முதலாமிடம்.

அந்தத் துயரம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். இன்று பத்தாம் தரத்தில் இருக்கிற பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தது. அது ஷெல்லைக் கண்டதில்லை. அது எழுதுவது தான் கேட்ட கதையைக்கூட இல்லை. போன வருடம் பரிசு வாங்கிய கதையை எழுதுகிறது. போரை அனுபவித்த பெரிய ஆட்கள் ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்துபோன வசனங்களை அது கடன் வாங்கி எழுதுகிறது. ஒரு சமூகத்தின் மிகப் பெரிய இழப்பை, புள்ளி எடுக்கிற உத்தியாகப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அவமரியாதையை இறந்தவர்களுக்குச் செய்ய முடியுமா?

அந்தப் பிள்ளையிடம் சொந்தக் கதை இல்லையா? இருக்கிறது. தாய் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான பந்தலுக்குப் போகிற நாளில் வீட்டில் அடுப்பு மூட்டுவது யார் என்று அதற்குத் தெரியும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் அந்தத் தாய்மார் இருக்கத் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகள் மிகவும் சின்னவர்கள். ஒரு போராட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கட்டாரில் இருக்கிற தகப்பனின் முகம் கைத்தொலைபேசியில் உறைந்து நிற்கிற விதம் அதற்குத் தெரியும். பெரும்போகம் அழிந்த வருடம் வீட்டில் என்ன என்ன விற்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லும். யானை வந்த இரவில் எந்த நாய் முதலில் குரைத்தது என்று சொல்லும். இவற்றில் ஒன்றையாவது எழுதலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து பெட்டிக்குள் அவை அடங்காது.

அந்த ஐந்து பெட்டி எங்கிருந்து வந்தது என்று எந்த வளவாளரும் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். குஸ்தாவ் பிரைற்றாக் என்ற ஜேர்மன்காரர் 1863இல் நாடக உத்தி பற்றி ஒரு நூல் எழுதினார். ஐந்து அங்கம் கொண்ட மேடை நாடகம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று விளக்கிய கோடு அது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களையும் சேக்ஸ்பியரையும் வைத்து வரைந்த கோட்டை, இரண்டு தாளில் எழுதி முடிக்கிற கதைக்குப் போட்டால் என்ன நடக்கும்? ஐந்து அங்கத்துக்கு இடம் தேடி, பிள்ளை ஒரு முழு ஆயுளையே இரண்டு தாளுக்குள் அடைக்கும். அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் கதைகளில் எல்லாரும் பிறந்து, வளர்ந்து, வைத்தியராகி, செத்துப்போகிறார்கள்.

சிறுகதைக்கென்று சொல்லப்பட்டது வேறு. 1842இல் எட்கார் அலன் போ, ஹோதோர்னின் கதைகளைப் பற்றி எழுதியபோது, ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடியதும், ஒரே ஒரு பாதிப்பை நோக்கி ஒவ்வொரு சொல்லும் போவதுமான வடிவம் இது என்றார். செக்கோவ் 1886இல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், நிலவைப் பற்றி நீட்டி முழக்காதே, உடைந்த போத்தல் துண்டில் ஒளி மின்னுவதைக் காட்டு, நிலவு தானாக வரும் என்ற கருத்தைச் சொன்னார். இந்த இரண்டையும் விளங்கப்படுத்த ஒரு பாடவேளை போதும். பவர்பொயின்ற் தேவையில்லை. ஒரு போத்தல் துண்டு இருந்தால் போதும்.

இங்கே மற்றப் பக்கத்து ஆட்கள் எழும்புவார்கள். "எழுத்து ஒரு வரம், அதைப் படிப்பிக்க ஏலாது, உள்ளவன் எழுதுவான்" என்பவர்கள். ஐந்து பெட்டிக்காரரைவிட இவர்கள் ஆபத்தானவர்கள். ஏனென்றால் இவர்கள் சொல்வதன் அர்த்தம், வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை எழுதட்டும், மற்றது பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்பதுதான்.

எங்கள் மதரசாவில் ஓதுகிற பிள்ளைகளைப் பாருங்கள். குரல் அல்லாஹ் கொடுத்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எழுத்து எங்கிருந்து பிறக்கிறது, எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற தஜ்வீதை ஓதிக் கொடுத்த ஆள் ஒருவர் இருப்பார். நல்ல குரல் இருக்கிற பிள்ளைக்குத் தஜ்வீத் வேண்டாம் என்று எந்த மௌலவியும் சொன்னதில்லை. நாதஸ்வரம் படிக்கிற பிள்ளைக்கும், மேசன் வேலை பழகுகிற பொடியனுக்கும் இதே நியாயம்தான். கதைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

எங்கள் இலக்கிய வரலாறே இவர்களுக்கு எதிரான சாட்சி. 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் என்று இளைஞர்கள் கூடினார்கள். அ.செ. முருகானந்தன், வரதர், அ.ந. கந்தசாமி போன்றவர்கள். 1946 முதல் 1948 வரை 'மறுமலர்ச்சி' சஞ்சிகை வந்தது. தனியே இருந்து வரம் வாங்கியவர்கள் இல்லை அவர்கள், கூடியிருந்து பழகியவர்கள். டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர், யாழ்ப்பாணத்தில் சலூனில் வேலை செய்தவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பிறகு 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். எத்தனை பேருடைய முதல் கதை அதில் வந்தது! அந்தச் சலூனும் அந்தச் சஞ்சிகையும்தான் எங்களுடைய ஆக்க எழுத்து வகுப்பு. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகம் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையைப் பற்றி உலகமே கதைக்கிறது. எங்களிடம் கட்டடம் இல்லாமலே இருந்த ஒன்றைப் பற்றி நாங்கள்கூடக் கதைப்பதில்லை.

இனி மொழிக்கு வருவோம். இது எங்களுக்கு அதிகம் நோகிற இடம்.

ஒரு செயலமர்வில், எது என்று சொல்லப்போவதில்லை, முஸ்லிம் பிள்ளை ஒன்று எழுதிய கதையைத் திருத்திக் கொடுத்திருந்தார்கள். "தாத்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிஞ்சுது" என்று கதை தொடங்குகிறது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் "பொருட்பிழை" என்று எழுதியிருந்தது. எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. வளவாளரின் வீட்டில் அது அம்மாவின் அப்பா. கிழவனுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை என்று நினைத்துவிட்டார் போல. சிரிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அடுத்த கதையில் 'அக்கா' என்று எழுதியது. அதற்கடுத்த கதையில் உம்மாவும் அம்மாவாகிவிட்டா. நோன்பு தீபாவளியாகிவிட்டது. மூன்று கதைக்குள் ஒரு வீடு முழுக்கக் காலியாகிவிட்டது.

முஸ்லிம் பிள்ளைக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை இது. "என்னெண்டு வந்தனீங்கள்?" என்று உரையாடலில் எழுதிய முத்தையன்கட்டுப் பிள்ளைக்கும் வட்டம்தான். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கும் அதே வட்டம். "எழுத்துத் தமிழில் எழுது" என்ற அதே குறிப்பு.

இந்தச் சண்டை ஈழத்தில் அறுபது வருடங்களுக்கு முன்பே போட்டு முடித்த சண்டை. 1960களின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களைப் பார்த்து, இது இழிசனர் இலக்கியம் என்று மரபுப் பண்டிதர்கள் சொன்னார்கள். மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயரே உண்டு. கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர்கள் பக்கம் நின்றார்கள். பண்டிதர்கள் தோற்றார்கள். அதற்குப் பிறகு டானியல் எழுதினார், எஸ்.பொ. எழுதினார். தெற்கு முஸ்லிம்களின் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்து திக்குவல்லை கமால் எழுதினார். மட்டக்களப்பில் பித்தன் 'பாதிக் குழந்தை' எழுதினார். அக்கரைப்பற்றில் அ.ஸ. அப்துஸ் ஸமது எழுதினார். வன்னிக்கே வாருங்கள்: தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி'யைத் தந்தார். பரந்தனிலிருந்து தாமரைச்செல்வி வயலையும் வாய்க்காலையும் இடப்பெயர்வையும் சிறுகதையாக்கினார். இலக்கியத்தில் வென்ற சண்டையை வகுப்பறையில் திரும்பத் தோற்கிறோமே, இது என்ன நியாயம்? பண்டிதர்கள் எங்கும் போகவில்லை. புள்ளித் திட்டத்துக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள்.

படிப்பினை வேண்டும் என்ற கதைக்கும் ஒரு பதில். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் வந்தது. அடிபட்டுக் கிடக்கிற புருஷனுக்குக் கஞ்சி ஊற்றக் காசில்லாமல் ஒரு பெண் என்ன செய்தாள் என்பதுதான் கதை. அறிவுரை கிடையாது, வாசிக்கிறவனின் முகத்தில் அறைகிற ஒரு முடிவு மட்டும் உண்டு. அதை ஒரு பிள்ளை இன்று எங்கள் வலயத்தில் எழுதிக் கொடுத்தால் புள்ளி கிடைக்குமா? பிள்ளையின் தாயைத்தான் பாடசாலைக்குக் கூப்பிடுவார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சிறுகதை ஒழுங்காகப் படிப்பிக்கப்படாததால் வன்னி இழப்பது என்ன?

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று வன்னியிலும் ஊர் ஊராக வெறுமையானது. எங்கள் தலைமுறை புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தது. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம். அந்த இடைவெளியில் வன்னித் தமிழ் மக்கள் பட்டது உலகம் அறிந்தது.

இப்போது ஒரு கதையை யோசியுங்கள். திரும்பி வந்த குடும்பம் தன் காணியைத் தேடிப் பிடிக்கிறது. வீடு இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது. கிணற்றடியில் காய்த்துக் குலுங்குகிற ஒரு மாமரம். போகும்போது அது இருக்கவில்லை. இடையில் எங்கேயோ இருந்து இடம்பெயர்ந்து வந்து இந்தக் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் நட்ட மரம். அவர்களும் பிறகு ஓடவேண்டி வந்தது. இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. மாங்காய் பழுத்து விழுகிறது. உம்மா பொறுக்கிக்கொண்டு வருகிறா. வாப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார். "எங்கட காணி, எங்கட மரம்தானே" என்கிறான் மகன். வாப்பா பதில் சொல்லவில்லை.

இந்தக் கதையில் வில்லன் யார்? உச்சம் எது? படிப்பினை என்ன? ஐந்து பெட்டியில் எந்தப் பெட்டியில் அந்த மாங்காயைப் போடுவது? ஆனால் இந்தக் கதையை ஒரு முஸ்லிம் பிள்ளை எழுதி, அதைப் பக்கத்து வாங்கில் இருக்கிற தமிழ்ப் பிள்ளை வாசித்தால், அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் நல்லிணக்கம் என்று பெயர்ப் பலகை போட்டு நடத்திய நூறு கூட்டங்கள் செய்யாததை அது செய்யும். அதே போல அந்த மரத்தை நட்ட வீட்டுப் பிள்ளையின் கதை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். அயர்லாந்து எழுத்தாளர் பிராங்க் ஓ'கொனர், சிறுகதை என்பது சமூகத்தின் விளிம்பில் அமிழ்ந்துபோன மக்களின் குரல் என்று ஒரு வாதத்தை முன்வைத்தார். வன்னியில் அமிழாத ஆள் யார்? இந்த வடிவம் எங்களுக்காகவே செய்து வைத்தது போல இருக்கிறது. அதைக் கையில் எடுத்து, கண்ணீர்த் துளி உருட்டுவதற்குப் பாவிக்கிறார்கள்.

"குறை சொல்வது லேசு, என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

ஒன்று. எழுதச் சொல்வதற்கு முன் வாசிக்கக் கொடுங்கள். கதைச் சுருக்கத்தையும் ஆசிரியர் குறிப்பையும் இல்லை, கதையை. தவணைக்கு ஐந்து கதை. வன்னிக் கதை ஒன்றாவது அதில் இருக்கட்டும். வாசித்த பிறகு "கருப்பொருள் என்ன?" என்று கேட்காதீர்கள். "இந்த ஆள் கதையை ஏன் இந்த இடத்தில் தொடங்கினார்?" என்று கேளுங்கள்.

இரண்டு. தலைப்பைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். பத்தாம் தரப் பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருந்தது: "வறுமையின் கோரப்பிடியில் சிக்கிய அக்குடும்பம் கடன் என்னும் அரக்கனிடம் அகப்பட்டுத் தவித்தது." அதற்குப் புள்ளி போடாமல் கேள்வி மட்டும் போட்டோம். கடன்காரர் என்ன கிழமை வருவார்? வரும்போது அம்மா எங்கே நிற்பா? யார் கதைப்பது? திரும்ப எழுதிக்கொண்டு வந்தது: "செவ்வாய்க்கிழமை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால போயிடுவா. 'அம்மா குளத்துக்குப் போயிட்டா' எண்டு நான் சொல்லுவன். அந்த மாமா என்னட்டத் தண்ணி வாங்கிக் குடிப்பார். 'நான் வந்தனான் எண்டு அம்மாட்டச் சொல்லு' எண்டு கோழிக்கூட்டைப் பார்த்துச் சொல்லுவார்." அரக்கன் போய்விட்டான், மனுசன் வந்துவிட்டான். நுண்கடன் பற்றி எத்தனை அறிக்கை வாசித்தாலும் அந்தக் கோழிக்கூட்டைக் காணமாட்டீர்கள். இதுதான் படிப்பிக்கக்கூடிய பகுதி. வரம் இல்லை, கேள்வி.

மூன்று. ஒரு நாளை, முடிந்தால் ஒரு மணித்தியாலத்தை எழுதச் சொல்லுங்கள். ஆயுள் முழுவதையும் இல்லை. யாருடைய கண்ணால் பார்க்கிறோமோ அவருக்குத் தெரிந்தது மட்டும் கதைக்குள் வரட்டும்.

நான்கு. உரையாடலில் கை வைக்காதீர்கள். பாத்திரம் எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டுப் பேச்சைப் பேசட்டும். எழுத்துப் பிழை வேறு, பேச்சு வழக்கு வேறு. விளங்காத சொல் வந்தால் பிள்ளையிடம் கேளுங்கள். கேட்பதால் ஆசிரியரின் மரியாதை குறையாது.

ஐந்து. திரும்ப எழுத வையுங்கள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வருடத்தில் பத்துக் கதை எழுத வைப்பதற்குப் பதிலாக இரண்டு கதையை ஐந்து தடவை எழுத வையுங்கள். நேரம் அதேதான். கடைசித் தடவை, கடைசிப் பந்தியை வெட்டிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கதைகள் அப்போதுதான் கதையாகும். கண்ணீர்த் துளி இருப்பது அந்தப் பந்தியில்தான்.

நடுவர்களிடமும் அதிகாரிகளிடமும் இன்னும் ஒரு கோரிக்கை. போட்டி முடிந்தால் பெயர்ப்பட்டியல் வருகிறது. பிள்ளை எழுதிய தாள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஏன் வென்றது, ஏன் தோற்றது என்று அதற்குத் தெரியாது. தெரிவதெல்லாம் யார் வென்றது என்பது மட்டும். அதனால்தான் அடுத்த வருடம் வென்றவனைப் பார்த்து எழுதுகிறது. தாளைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த இடம் உயிரோடு இருக்கிறது, எந்த இடம் கடன் வாங்கியது. புள்ளித் திட்டத்தில் 'படிப்பினை'யையும் 'தூய நடை'யையும் எடுத்துவிட்டு, 'தானே கண்ட விவரம்' என்று ஒன்றைச் சேருங்கள். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் எழுத்தாளர்களாக வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இல்லை. மேசனாகட்டும், தாதியாகட்டும், வயல் செய்யட்டும். ஆனால் தன் வீட்டில் நடந்ததைத் தன் வாயால், தன் சொல்லால், ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளையாக வெளியே போகட்டும். இவ்வளவு காலமும் வன்னியின் கதையை மற்ற ஆட்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய மாதிரிச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளும் அதே கதையை ஒப்புவித்துப் பரிசு வாங்கிக்கொண்டு போனால், அந்த மாமரத்தை நட்டது யார் என்று கேட்க ஒரு ஆள் மிஞ்சாது.

மாறுபட்ட கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் வலயத்தில் கடைசியாக முதலிடம் வந்த சிறுகதையை ஒரு தடவை வாசித்துவிட்டு வந்து எழுதுங்கள்.